‘பழைய பகை’ என்ற பதில்: பால்கன் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும் விதம்

பள்ளிப் பாடப் புத்தகங்களில் பால்கன் பகுதி பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தலைகாட்டும். 1914-ல் சரயேவோவில் துப்பாக்கி வெடிக்கும், முதல் உலகப் போர் தொடங்கிவிடும். அப்புறம் 1990-களில் ஆறு குடியரசுகள் சேர்ந்த யூகோஸ்லாவியா உடையும், ஊர் ஊராகக் கொலை நடக்கும். இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டு அநேகமாக இருக்காது. அதற்கு முந்தைய ஐந்நூறு ஆண்டுகளும் இருக்காது. இந்த இரண்டு ரத்தக்களரியை மட்டும் பார்க்கும் பதினைந்து வயது மாணவருக்கு வேறென்ன தோன்றும்? ‘அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக அடித்துக்கொள்கிறவர்கள்’ என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

இதற்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது. போஸ்னியப் போர் நடந்துகொண்டிருந்த 1992, 1993-ல் மேற்கு நாடுகளின் அமைச்சர்களே இதைத்தான் சொன்னார்கள். நூற்றாண்டுக் கணக்கான வெறுப்பு, வெளியிலிருந்து போய் என்ன செய்துவிட முடியும் என்று கைவிரித்தார்கள். தலையிடாமல் இருப்பதற்கு அது வசதியான விளக்கமாக இருந்தது. கொலை செய்தவர்களுக்கோ இன்னும் வசதி. வெறுப்பு இயற்கையானது என்றாகிவிட்டால், உத்தரவு போட்டவர் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? பால்கன் வரலாற்றை எடுக்கும் ஆசிரியரின் முதல் வேலை இந்தப் பதிலை உடைப்பதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மற்ற தகவல்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் எப்படி உடைப்பது? வழக்கமாக இரண்டு வழிகளில் பாடம் நடத்துகிறார்கள். ஒன்று, ஸ்லாவ் மக்கள் வந்து குடியேறிய ஆறாம் நூற்றாண்டிலிருந்து ஆரம்பித்து அரசர்கள், போர்கள், உடன்படிக்கைகள் என்று வரிசையாக வருவது. பேர்களின் எண்ணிக்கையிலேயே வகுப்பு மூழ்கிப் போகும். இன்னொன்று, செர்பியர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், குரோஷியர் கத்தோலிக்கர், போஸ்னியாக்கள் முஸ்லிம் என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டுவிட்டு, இவர்களுக்குள் சண்டை என்று முடிப்பது. கட்டங்கள் தப்பில்லை. ஆனால் அவை என்றைக்கும் அப்படியே இருந்தன என்ற எண்ணம் மாணவர் மனதில் ஒட்டிக்கொள்ளும். முதல் வழியில் குழம்பிப் போனவரும் இரண்டாவது வழியில் தெளிந்தவரும் கடைசியில் வந்து சேர்வது அதே ‘பழைய பகை’க்குத்தான்.

ஒரு தெருமுனையிலிருந்து தொடங்கலாம். சரயேவோ நகரில் மிலியாட்ஸ்கா ஆற்றின் குறுக்கே லத்தீன் பாலம் என்றொரு சின்னக் கல் பாலம் இருக்கிறது. 1914 ஜூன் 28 அன்று அதை ஒட்டிய முனையில்தான் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப், ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்டுக் கொன்றார். இந்தச் சம்பவம் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் காட்ட வேண்டியது அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு நேர்ந்ததை.

1917-ல் ஆஸ்திரிய அரசு அங்கே இறந்த தம்பதிக்குப் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பியது. போரில் தோற்றுப் பேரரசு கலைந்ததும் அதை இறக்கிவிட்டார்கள். 1930-ல் யூகோஸ்லாவிய முடியாட்சிக் காலத்தில், பிரின்சிப் இங்கே விடுதலையை அறிவித்தார் என்ற பொருளில் சுவரில் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நகரைப் பிடித்ததும் அதைக் கழற்றி ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பியது. அவர் அதை நின்று பார்க்கும் புகைப்படம் இருக்கிறது. 1945-ல், பின்னாளில் யூகோஸ்லாவியாவை ஆண்ட கம்யூனிஸ்டுத் தலைவர் டிட்டோவின் படையினர் வந்து, ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்களை எதிர்த்தவர் என்று பிரின்சிப்புக்கு நன்றி சொல்லும் புதுக் கல்வெட்டு வைத்தார்கள். 1953-ல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிரின்சிப் நின்று சுட்ட இடத்தில் இரண்டு காலடித் தடங்களையும் பதித்தார்கள். பாலத்துக்கே அப்போது பிரின்சிப் பாலம் என்றுதான் பெயர். 1992-ல் செர்பியப் படைகள் நகரை முற்றுகையிட்டுக் குண்டு வீசியபோது காலடித் தடங்கள் போயின. பாலத்துக்குப் பழைய பெயர் திரும்பியது. 2004-ல் இன்ன தேதியில் இன்னார் இன்னாரைக் கொன்றார் என்று மட்டும் சொல்லும் கல்வெட்டு வந்தது. புகழ்ச்சியும் கிடையாது, கண்டனமும் கிடையாது.

இந்தக் கல்வெட்டுகளை ஆண்டு போடாமல் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்து, எது எந்த ஆட்சியில் வைத்ததாக இருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் வகுப்பு முழுக்க வேலையில் இறங்கிவிடும். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே செயல். ஆட்சிக்கு ஆட்சி அவர் கொலைகாரராகவும் விடுதலை வீரராகவும் மாறிக்கொண்டே இருக்கிறார். நூற்றாண்டு நிறைவான 2014-ல் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. சரயேவோவில் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு நினைவுக் கச்சேரி நடத்தியது. செர்பியத் தலைவர்கள் அதற்கு வரவில்லை. அதே நேரம் பக்கத்திலேயே, செர்பியர் வாழும் கிழக்கு சரயேவோவில் பிரின்சிப்புக்குச் சிலை திறந்தார்கள். கடந்த காலத்தை ஒவ்வோர் ஆட்சியும் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்கிறது என்பதை ஆசிரியர் சொல்லவே வேண்டாம். தாள்களை வரிசைப்படுத்தி முடிக்கும்போது மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதற்குப் பிறகு பின்னோக்கிப் போனால் பழைய காலம் வேறு மாதிரி தெரியும். செர்பிய தேசியவாதத்தின் மையக் கதை 1389-ல் நடந்த கொசோவோ போர். ஒட்டோமான் சுல்தான் முதலாம் முராதும் செர்பிய இளவரசர் லாசரும் இருவருமே அதில் இறந்தார்கள். கிறிஸ்தவ செர்பியாவுக்கும் இஸ்லாமியத் துருக்கியருக்கும் தீராப் பகை மூண்ட நாள் என்று இதைப் பாடல்களில் பாடி வந்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். லாசரின் மகள் ஒலிவேரா, முராதின் மகன் பயேசித்தை மணந்தார். லாசரின் மகன் ஸ்டெஃபான் சுல்தானுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசராகி, 1396-ல் நிக்கோபோலிஸ் போரில் மேற்கு ஐரோப்பியச் சிலுவைப் படைக்கு எதிராக ஒட்டோமான் பக்கம் நின்று போரிட்டார். 1402-ல் அங்காராவில் தைமூருக்கு எதிராகவும் அவர் பயேசித்துடன்தான் நின்றார். தந்தையைக் கொன்ற படையோடு மகன் கைகோத்ததை மாணவர்களால் முதலில் நம்ப முடியாது. அந்தக் காலத்து அரசர்கள் தேசம், இனம் என்ற கணக்கில் யோசிக்கவில்லை என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு குடும்பக் கதையும் சொல்லலாம். போஸ்னியாவின் விஷெகிராட் அருகே ஒரு செர்பியக் குடும்பத்தில் பிறந்த சிறுவனை, கிறிஸ்தவக் குடிகளிடமிருந்து பையன்களைத் திரட்டும் முறைப்படி ஒட்டோமான் அதிகாரிகள் கூட்டிப் போனார்கள். மதம் மாறி, அரண்மனையில் படித்து, 1565-ல் அவர் பேரரசின் தலைமை அமைச்சரானார். மெஹ்மெத் பாஷா சொகொலோவிச் என்பது பெயர். சொந்த ஊரில் டிரினா ஆற்றின் மேல் பாலம் கட்டச் செய்தார். அது இன்றும் நிற்கிறது. 1557-ல் செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமைப் பீடம் பேச் நகரில் மீண்டும் நிறுவப்பட்டபோது அதில் அமர்ந்த மகாரியே, இவருடைய நெருங்கிய உறவினர். ஒரே குடும்பத்தில் ஒருவர் சுல்தானின் அமைச்சர், மற்றவர் திருச்சபைத் தலைவர். இதைச் சொல்லும்போது ஒட்டோமான் ஆட்சியைப் பூசி மெழுகிவிடவும் கூடாது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது கொடுமைதான். முஸ்லிம் அல்லாதவர்கள் தனி வரி கட்டினார்கள், சட்டத்தின் முன் தாழ்ந்த நிலையில் இருந்தார்கள். அதே சமயம், 1492-ல் ஸ்பெயின் விரட்டிய யூதர்கள் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தப் பேரரசுக்குத்தான். சரயேவோவின் பழைய யூத ஆலயம் 1581-ல் எழுந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும்.

பேரரசு மக்களை மதத்தை வைத்தே பிரித்துக் கணக்கு வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசிய அரசுகள் முளைத்தபோது அந்த மதக் கணக்கு இனக் கணக்காக மாறியது. இந்த மாற்றத்தை விளங்கவைப்பதுதான் பாடத்திலேயே கடினமான பகுதி. 1804-ல் செர்பியக் கிளர்ச்சி, 1878-ல் பெர்லின் மாநாடு, 1912-13-ல் பால்கன் போர்கள் என்ற வரிசையை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். நின்று பேச வேண்டியது, கிரேக்கமும் துருக்கியும் 1923-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒப்புக்கொண்ட மக்கள் பரிமாற்றம் பற்றி. சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கும் என்று பிரித்தார்கள். யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை மதம் மட்டுமே தீர்மானித்தது. அதனால் துருக்கி மொழி மட்டுமே பேசிய அனத்தோலியக் கிறிஸ்தவர்கள் ‘தாயகம் திரும்பினார்கள்’ என்று கிரேக்கத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். அங்கே போய் அவர்கள் எந்தக் கடையில் எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால் பாடம் வெற்றி.

வரைபடம் பற்றி ஒரு எச்சரிக்கை. பால்கன் பாடத்தில் இன வாரியாக நிறம் தீட்டிய படம் தவறாமல் வரும். பச்சை ஒரு இனம், நீலம் ஒரு இனம், சிவப்பு ஒரு இனம். நான் அதைத் தனியாகக் காட்டவே மாட்டேன். ஒரு கட்டடத்தில் மூன்று தரப்பும் குடியிருந்த நகரத்தை அது ஒரே நிறத்தில் பூசிவிடும். பக்கத்தில் எண்கள் வேண்டும். 1991 கணக்கெடுப்பில் போஸ்னியாவின் மக்கள்தொகை சுமார் 44 லட்சம். அதில் முஸ்லிம்கள் 43.5 சதவீதம், செர்பியர் 31.2, குரோஷியர் 17.4. இன்னும் 5.5 சதவீதம் பேர் தங்களை எந்த இனமாகவும் எழுதாமல் ‘யூகோஸ்லாவியர்’ என்று எழுதினார்கள். இந்த 5.5 சதவீதத்துக்கு என்ன நிறம் கொடுப்பது என்று கேளுங்கள்.

படத்தால் உண்மையிலேயே பயன் கிடைக்கும் இடமும் இருக்கிறது. குரோஷியாவுக்குள் இத்தனை செர்பியர் எப்படி வந்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒட்டோமான் எல்லையைக் காக்க, பதினாறாம் நூற்றாண்டு முதல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு ஆர்த்தடாக்ஸ் குடியேறிகளை அங்கே அமர்த்தியது. நிலம் கொடுத்தது, பதிலுக்குப் படைச் சேவை கேட்டது. அந்த ராணுவ எல்லைப் பகுதி 1881-ல்தான் முழுவதுமாகக் கலைக்கப்பட்டது. அந்தப் பழைய எல்லைப் பட்டையின் படத்தை 1991-ல் செர்பியக் கிளர்ச்சியாளர்கள் பிடித்துவைத்த பகுதியின் படத்தோடு ஒட்டிப் பார்த்தால் பெரும்பகுதி பொருந்தும். 1995 ஆகஸ்டில் குரோஷிய ராணுவம் அதை மீட்டபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர் ஊரைவிட்டுப் போனார்கள். எந்த வெறுப்பும் இந்த மக்களை அங்கே கொண்டுவரவில்லை. ஒரு அரசின் பாதுகாப்புத் திட்டம்தான் கொண்டுவந்தது.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, ‘அப்படியானால் பகையே இல்லையா?’ என்று கேட்பார். கேட்க வேண்டும். 1941 முதல் 1945 வரை நடந்தது பயங்கரம். நாஜிகளின் ஆதரவில் குரோஷியாவை ஆண்ட உஸ்தாஷா கும்பல், யாசனோவாட்ஸ் முகாமில் செர்பியர்களையும் யூதர்களையும் ரோமா மக்களையும் கொன்று குவித்தது. அங்கே இறந்தவர்களில் 83,000-க்கும் அதிகமானோரின் பெயர்ப் பட்டியல் இன்று இருக்கிறது. செர்பிய தேசியவாதிகளான செட்னிக் படையினர் கிழக்கு போஸ்னியாவில் முஸ்லிம் கிராமங்களை அழித்தார்கள். டிட்டோவின் கம்யூனிஸ்டுப் படைகளும் 1945-ல் சரணடைந்தவர்களை ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றன. இந்த நினைவுகள் வீடுகளுக்குள் இருந்தன, வெளியே பேச அனுமதி இல்லை. ஆகவே புண் உண்மை. ஆனால் அதே புண்ணோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பள்ளியில் படித்தார்கள், ஒரே ஆலையில் வேலை பார்த்தார்கள், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்தார்கள். பிறகு 1991-ல் ஏன் போர் என்பதுதான் கேள்வி. 1941-ஐ மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

பதில் 1980-களில் இருக்கிறது. பெரும்பாலான பாடத்திட்டங்கள் தாண்டிவிடும் பத்தாண்டு இது. நான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வது இதற்குத்தான். 1980 மே 4-ல் டிட்டோ இறந்தார். வெளிநாட்டுக் கடன் சுமார் 2,000 கோடி டாலராக ஏறியிருந்தது. விலைவாசி கைமீறி, 1989-ல் ஆண்டுப் பணவீக்கம் 1,000 சதவீதத்தைத் தாண்டியது. சம்பளம் வாங்கிய கையோடு அதை ஜெர்மன் மார்க்காக மாற்ற ஓடிய காலம். கூட்டாட்சியை நடத்தியது எட்டுப் பேர் கொண்ட குழு. ஆறு குடியரசுகளுக்கும், செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ, வொய்வோதினா என்ற இரண்டு தன்னாட்சி மாகாணங்களுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு.

இந்த எட்டு ஓட்டைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 1987-ல் செர்பியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்குள் போட்டியாளர்களை வீழ்த்திய ஸ்லொபோதான் மிலோசெவிச், கூட்டம் கூட்டமாக ஆட்களைத் தெருவில் இறக்கி வொய்வோதினாவிலும் மான்டினெக்ரோவிலும் தலைமையை மாற்றினார். 1989 மார்ச்சில் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார். செர்பியாவின் ஓட்டையும் சேர்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு: பாதி ஓட்டு ஒருவர் கையில். இதைப் பார்த்து ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் என்ன கணக்குப் போட்டிருக்கும் என்று வகுப்பையே யோசிக்க விடலாம். 1990 ஜனவரியில் கட்சி மாநாட்டிலிருந்து ஸ்லோவேனியர்கள் வெளியேறினார்கள். அந்த ஆண்டு பல கட்சித் தேர்தல்கள் குடியரசு வாரியாக நடந்தன. கூட்டாட்சி முழுமைக்கும் ஒரு தேர்தல் நடக்கவேயில்லை. அதனால் யூகோஸ்லாவியா முழுவதற்கும் சேர்த்து ஓட்டுக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போனது. அந்தந்தக் குடியரசுத் தொலைக்காட்சி அந்தந்த ஆட்சியின் கையில் இருந்தது. 1941-ன் எலும்புகள் ஒவ்வொரு மாலையும் திரையில் வந்தன. பழைய புண்ணைக் கீறியவர்கள் யார், எந்த ஆண்டு, எந்தக் கருவியால் என்று இப்படிப் பெயரும் தேதியும் போட்டுக் காட்ட முடியும்.

போரைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்கள் பலர் நடுநிலை என்ற பெயரில் சறுக்குவதைப் பார்க்கிறேன். ‘மூன்று தரப்பும் தப்புச் செய்தன, நீங்களே விவாதித்து முடிவெடுங்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள். காரணங்களை விவாதிக்கலாம். நிரூபணமான உண்மைகளை விவாதத்துக்கு விடக் கூடாது. 1993-ல் ஐ.நா. அமைத்த ஹேக் போர்க்குற்றத் தீர்ப்பாயம் 2017 வரை நடந்தது. 161 பேர் மீது குற்றம் சாட்டியது, 4,600-க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் அதிகமான போஸ்னியாக் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படைகள் கொன்றது இனப்படுகொலை என்று அந்தத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2007-ல் சர்வதேச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே தீர்ப்பாயம்தான் 1993 ஏப்ரலில் அஹ்மிச்சி கிராமத்தில் போஸ்னியாக்களைக் கொன்ற குரோஷியப் படையினரையும், செலெபிச்சி முகாமில் செர்பியக் கைதிகளை வதைத்தவர்களையும் தண்டித்தது. எல்லாத் தரப்பிலும் குற்றம் நடந்தது உண்மை, எல்லாக் குற்றமும் ஒரே அளவு என்பது பொய். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்ல மாணவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கூடவே ஒரு மொழிக் கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளலாம். ‘செர்பியர்கள் சுட்டார்கள்’ என்று எழுதாமல் எந்தப் படை, யார் தலைமையில் என்று எழுதச் சொல்வது. முற்றுகையில் சரயேவோவைக் காத்த போஸ்னிய ராணுவத்தின் தளபதிகளில் ஒருவரான யோவான் திவ்யாக் பிறப்பால் செர்பியர். ‘செர்பியர்கள் நகரைத் தாக்கினார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அவரை எந்தப் பக்கம் வைப்பது?

அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கே இந்த வரலாறு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போஸ்னியாவில் ‘ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி’ என்ற ஏற்பாடு போருக்குப் பின் வந்தது. ஒரே கட்டடம். குரோஷியப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், போஸ்னியாக் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பல இடங்களில் வாசலும் வேறு. தற்காலிகம் என்று தொடங்கி, ஐம்பதுக்கும் அதிகமான பள்ளிகளில் நிலைத்துவிட்டது. மறுபக்கம், தெசலோனிகியில் இயங்கிய ஒரு அமைப்பு பல பால்கன் நாடுகளின் வரலாற்று ஆசிரியர்களைச் சேர்த்து 2005-ல் பொதுவான பாடப் பயிற்சி நூல்களைக் கொண்டுவந்தது. ஒரே சம்பவத்தைப் பற்றிப் பல நாட்டு மூல ஆவணங்களை அருகருகே வைத்து, கீழே கேள்விகளை மட்டும் தரும் முறை. தீர்ப்பை மாணவரே எழுத வேண்டும். வெளிநாட்டில் இந்தப் பாடத்தை எடுப்பவர்களுக்கும் இதே முறை அப்படியே பொருந்தும்.

பாடத்தை, போஸ்னியப் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்தோடு நிறுத்துவது வழக்கம். கையெழுத்தாகிவிட்டது, அமைதி வந்துவிட்டது, மணி அடித்துவிட்டது என்று. நான் அந்த ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பை வகுப்பில் படிக்கக் கொடுக்கச் சொல்வேன். அதுதான் இன்றைய போஸ்னியாவின் அரசியல் சட்டம். சில பக்கங்கள்தான், எளிதில் படித்துவிடலாம். நாட்டுத் தலைமை மூன்று பேர் கொண்டது என்று அது சொல்கிறது: ஒரு போஸ்னியாக், ஒரு குரோஷியர், ஒரு செர்பியர். படித்துவிட்டு, இந்த நாட்டில் யாரெல்லாம் தலைவராகப் போட்டியிட முடியாது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். யூதர் முடியாது, ரோமா முடியாது, கலப்புக் குடும்பத்தில் பிறந்து எந்த இனமும் எழுத விரும்பாதவர் முடியாது. ரோமா சமூகத்தின் தெர்வோ செய்திச்சும் யூத சமூகத்தின் யாக்கோப் பின்சியும் இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது பாகுபாடுதான் என்று 2009 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு பல தேர்தல்கள் நடந்துவிட்டன. விதியை மாற்றாமலேயே அவற்றை நடத்தினார்கள். ஏன் மாற்றவில்லை, மாற்றினால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதை மாணவர்கள் எட்டு ஓட்டுக் கணக்கை வைத்தே எழுதிக் கொண்டுவரலாம். கடைசிப் பயிற்சியாக அதையே கொடுத்துவிடலாம்.